சுவரில் மாட்டிய கணினி



லண்டனைச் சேர்ந்த எஸ்-ஆர்எம் என்ற பாதுகாப்பு ஆலோசனை நிறுவனம் 2025 மார்ச்சில் ஒரு தாக்குதலின் விவரத்தை வெளியிட்டது. அகிரா என்ற பணயக் கும்பல் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலை விண்டோஸ் சர்வரில் இறக்கப் பார்த்தது. அங்கிருந்த பாதுகாப்பு மென்பொருள் அதைப் பிடித்து ஒதுக்கிவிட்டது. பெரும்பாலான இடங்களில் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த நெட்வொர்க்கில் என்னென்ன இணைந்திருக்கின்றன என்று கும்பல் முன்பே துழாவி வைத்திருந்தது. அதில் ஒரு கைரேகைக் கருவியும் கேமராவும் அகப்பட்டன. கேமராவில் பழைய ஓட்டைகள் அடைபடாமல் கிடந்தன. உள்ளே ஓடியது லினக்ஸ். பாதுகாப்பு மென்பொருள் எதுவும் கிடையாது. கும்பல் அந்தக் கேமராவுக்குள் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே சர்வரில் பகிர்ந்து வைத்திருந்த கோப்புகளை எட்டிப் பூட்டியது. கேமராவுக்கும் சர்வருக்கும் இடையே திடீரென்று கூடிய போக்குவரத்தை யாரும் கவனிக்கவில்லை. மற்றவர்களைப் பார்க்கத்தான் கேமரா. அதையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே யாரும் நினைத்திருக்கவில்லை.

அந்தக் கேமராவின் ஓட்டைகளுக்குத் திருத்தம் அப்போதே கிடைத்துக்கொண்டிருந்தது. இந்த உரை முழுவதும் அந்த ஒரு செய்தியைச் சுற்றித்தான்.

தொழிற்சாலையில் கேமராவின் வேலை இன்று வாயிற்கதவோடு நின்றுவிடுவதில்லை. உலையின் சுடரை அது பார்க்கிறது. கன்வேயர் பெல்ட்டில் சரக்கு சிக்குகிறதா என்று பார்க்கிறது. கொதிகலனின் நீர்மட்டத்தைக் கட்டுப்பாட்டு அறையின் திரைக்குக் கொண்டுவருகிறது. ஆள் நிற்க முடியாத வெப்பத்திலும் புகையிலும் ஆளுக்குப் பதில் நிற்கிறது. அனலாக் காலத்தில் கேமராவிலிருந்து ஒரு கோஆக்ஸியல் கேபிள் போகும், அதில் படம் வரும், அவ்வளவுதான். அந்தக் கேபிள் வழியாக ஒருவர் சர்வரைத் தொட முடியாது. இன்றைய ஐபி கேமராவுக்குள் செயலி இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, லினக்ஸ் இருக்கிறது, அமைப்புகளை மாற்றுவதற்கு ஒரு சிறிய வெப் சர்வரும் இருக்கிறது. அதை நெட்வொர்க்கில் செருகும்போது தொழிற்சாலைக்குள் இன்னொரு கணினி வந்து சேர்கிறது. மேஜைக் கணினிக்கு ஐடி பிரிவு உண்டு, ஆன்டிவைரஸ் உண்டு, மாதாமாதம் அப்டேட் உண்டு. சுவரில் மாட்டிய கணினிக்கு ஏணி வைத்து ஏறித் தூசி துடைக்கும் ஆள் மட்டும்தான் உண்டு.

இந்தக் கணினிகளில் எப்படிப்பட்ட ஓட்டைகள் இருக்கின்றன? ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் மற்ற பலவும் அதன் உறவுக்காரர்கள்தான்.

2021 ஜூனில், வாட்ச்ஃபுல் ஐபி என்ற புனைபெயரில் எழுதும் ஓர் ஆய்வாளர், சீனாவின் ஹாங்சோ நகரில் தலைமையகம் கொண்ட ஹிக்விஷன் நிறுவனத்துக்கு ஒரு குறையைத் தெரிவித்தார். கண்காணிப்புக் கேமரா தயாரிப்பில் உலகிலேயே பெரிய நிறுவனம் அது. செப்டம்பரில் நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டபோதுதான் செய்தி வெளியே வந்தது. சிவிஇ-2021-36260 என்பது அந்த ஓட்டையின் பதிவு எண். அபாய அளவுகோலில் அதற்கு 10-க்கு 9.8. அது இருந்த இடம்தான் வியப்பு. கேமராவின் வெப் பக்கத்தை எந்த மொழியில் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சின்ன வசதி. வெளியிலிருந்து வரும் மொழியின் பெயரை வாங்கிய மென்பொருள், அது மொழியின் பெயர்தானா என்று பார்க்காமலே, லினக்ஸுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் அப்படியே ஒட்டிவிட்டது.

முதலாளி கையெழுத்துப் போட்டு வைத்த சீட்டு ஒன்று இருக்கிறது, அதில் வாடிக்கையாளர் பெயருக்கு மட்டும் இடம் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் அந்த இடத்தில் தன் பெயரை எழுதாமல் ‘கல்லாவைத் திறந்து கொடு’ என்று எழுதுகிறார். சீட்டில் முதலாளியின் கையெழுத்து இருக்கிறதே என்று கணக்கர் கல்லாவைத் திறந்துவிடுகிறார். கட்டளை நுழைத்தல் என்று துறையில் சொல்லும் தாக்குதல் இதுதான். பாதுகாப்புப் பாடநூல்களில் மிகப் பழைய பாடங்களில் ஒன்று.

அந்த ஹிக்விஷன் ஓட்டைக்குப் பயனர் பெயர் தேவைப்படவில்லை. பாஸ்வேர்ட் தேவைப்படவில்லை. கேமராவின் சொந்தக்காரர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. நெட்வொர்க்கில் கேமராவின் வெப் கதவு எட்டினால் போதும். நுழைந்தவருக்குக் கிடைப்பது கேமராவின் முழு அதிகாரம். காசு கொடுத்து வாங்கியவருக்குக்கூட நிறுவனம் அந்த அளவு அதிகாரத்தைத் திறந்துவிடுவதில்லை. அவருக்குக் குறுக்கப்பட்ட கட்டளைகள் மட்டும்தான். நுழைந்ததற்குக் கேமராவில் பதிவும் விழாது என்று ஆய்வாளர் எழுதினார். கேமராவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு வரைக்கும் அந்தக் குறை பின்னோக்கிப் போனது. ஐந்து ஆண்டுகள் அது உலகத்தின் சுவர்களில் சும்மா இருந்திருக்கிறது.

திருத்தம் வந்தது 2021 செப்டம்பரில். டிசம்பரிலேயே மூபாட் என்ற பாட்நெட், அதாவது பிடிபட்ட கருவிகளின் படை, இந்த வழியாகக் கேமராக்களைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருப்பதை ஃபோர்டினெட் நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, நடப்பில் தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் சைஃபர்மா நிறுவனம் இணையத்தில் வெளியே தெரியும் ஹிக்விஷன் வெப் சர்வர்களில் சுமார் 2,85,000-ஐ ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ 80,000 இன்னும் திருத்தப்படாமல் இருந்தன. 100 நாடுகள், 2,300 நிறுவனங்கள். திருத்தம் வந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன.

இது தனிச் சம்பவம் என்று நினைப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. தைவானின் ஆவ்டெக் நிறுவனக் கேமரா ஒன்றில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் இடத்தில் இதே வகை ஓட்டை இருந்தது. அகமாய் நிறுவனத்தார் கண்டுபிடித்து 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அதே தைவானின் எடிமேக்ஸ் கேமரா ஒன்றில், நேரத்தைச் சரிசெய்யும் சர்வரின் பெயரை எழுதும் இடத்தில் இருந்தது. 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. மொழி, வெளிச்சம், கடிகாரம். ஒரு பொறியாளர் மத்தியானத்துக்குள் எழுதி முடித்துவிட்டு மறந்துபோகக்கூடிய வசதிகள் இவை. யாரும் சந்தேகப்படாத இடத்தில்தான் சோதனையும் குறைவாக நடக்கிறது. ஆவ்டெக் விஷயத்தில் துயரம் இன்னும் கூடுதல்: அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் வழி 2019 முதலே பொதுவெளியில் கிடைத்துக்கொண்டிருந்தது, பதிவு எண் கிடைத்தது 2024-இல். அந்த மாடலின் உற்பத்தியும் நின்றுபோயிருந்ததால் திருத்தமே வரவில்லை. போக்குவரத்து, மருத்துவம், நிதி ஆகிய துறைகளில் அந்தக் கேமரா பயன்பாட்டில் இருக்கிறது என்று சிசா எச்சரித்தது. திருத்தமில்லாத கேமராவுக்கு ஒரே மருந்து, அதைக் கழற்றிவிடுவது.

கேமராவோடு நிற்பதில்லை இந்தச் சங்கதி. பல கேமராக்களின் படங்களைச் சேர்த்து வைக்கும் என்விஆர் என்ற பதிவுக் கருவியும் ஒரு கணினிதான். 2018 செப்டம்பரில் டெனபிள் நிறுவனம் தைவானின் நூவோ தயாரித்த என்விஆர் மென்பொருளில் இருந்த ஓட்டையை ‘பீக்கபூ’ என்று பெயரிட்டு வெளியிட்டது. அந்த மென்பொருளை நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகள், சுமார் 2,500 கேமரா மாடல்களோடு பயன்படுத்திவந்தன. நுழைந்தவர் நேரடிப் படத்தை நிறுத்தி, அசையாத பழைய காட்சியை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று டெனபிள் சொன்னது. கூடவே இன்னொன்றும் கண்டார்கள். கருவியின் தற்காலிகக் கோப்பகத்தில் ‘மோசஸ்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் போதும், எல்லாப் பயனர் கணக்குகளையும் பட்டியலிட்டு அவர்களின் பாஸ்வேர்டை மாற்றிவிட முடியும். சோதனைக் காலத்தில் எழுதிய நிரலைக் கழிக்காமல் விட்டதுபோல் தெரிகிறது. ஆனால் வாங்கியவருக்கு அதன் காரணம் முக்கியமில்லை. கதவு திறந்திருந்தது என்பதே முக்கியம்.

ஹிக்விஷனிலும் இதற்கு முன்பே ஒரு கதை உண்டு. 2017-இல் வெளிவந்த இன்னொரு குறையில், கேமராவின் இணைய முகவரிக்குப் பின்னால் ஒரு சிறு எழுத்துச் சரத்தைச் சேர்த்தால் போதும், நிர்வாகியாகவே உள்ளே விட்டுவிடும். பயனர் பட்டியலையும் கேமராவின் படத்தையும் அப்படியே எடுக்கலாம். அமெரிக்கத் தொழில்துறை சைபர் அவசரக் குழு அதற்கு 10-க்கு 10 கொடுத்தது.

இதையெல்லாம் கேட்டவுடன் ‘எல்லாம் சீனச் சரக்கு, அதை நிறுத்தினால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா 2019-ஆம் ஆண்டுக்கான தன் பாதுகாப்புச் சட்டத்தில் ஹிக்விஷன், தாஹுவா என்ற சீன நிறுவனங்களின் கேமராக்களை அரசுத் துறைகள் வாங்கக் கூடாது என்று எழுதிவிட்டது. ஒரு நாடு தன் ராணுவ முகாமின் சுவரில் யார் செய்த கேமராவை மாட்டுவது என்று யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓட்டை விஷயத்தில் பாஸ்போர்ட் பார்த்துப் பயனில்லை. சுவீடனின் லூண்ட் நகரைச் சேர்ந்த ஆக்ஸிஸ், தரத்துக்குப் பேர்போன நிறுவனம். 2017 ஜூலையில் சென்ரியோ என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆக்ஸிஸின் ஒரு கேமராவைக் குடைந்தபோது ‘டெவில்ஸ் ஐவி’ என்று அவர்கள் பெயரிட்ட குறையைக் கண்டார்கள். ஆக்ஸிஸின் 249 மாடல்களில் அது இருந்தது. குறை ஆக்ஸிஸ் எழுதியதும் அல்ல. ஜெனிவியா என்ற நிறுவனம் எழுதி, பத்து லட்சத்துக்கும் அதிகமான தடவை பலரும் பதிவிறக்கிய ஜிசோப் என்ற நிரல் நூலகத்தில் அது ஒளிந்திருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துத் தன் பெட்டிக்குள் வைக்கிறார், அந்தப் பெட்டிக்கு மூன்றாமவர் தன் பெயரை ஒட்டி விற்கிறார். 2025 ஆகஸ்டிலும் கிளாரோட்டி நிறுவன ஆய்வாளர்கள் ஆக்ஸிஸின் கேமரா நிர்வாக மென்பொருளில் கடுமையான குறைகளை வெளியிட்டார்கள். அந்த மென்பொருளின் தொடர்புக் கதவு இணையத்தில் திறந்து கிடந்த சர்வர்கள் 6,500-க்கும் மேல். அங்கே ஒரு சர்வரைப் பிடித்தால் அதன் கீழுள்ள கேமராக்கள் அத்தனையும் கையில். ஆக்ஸிஸ் திருத்தங்களை வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்; நல்ல தயாரிப்பாளரின் அடையாளம் அதுதான். குறையே இல்லாத மென்பொருளை எழுதியவர் இதுவரை யாரும் இல்லை.

கேமராவைப் பிடித்து என்ன செய்வார்கள்? படம் பார்ப்பது அதில் ஒன்றுதான். 2016 அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டின் என்ற நிறுவனத்தின் சர்வர்கள்மேல் வெள்ளம்போல் வந்த கோரிக்கைகளால் அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் தடுமாறின. மிராய் என்ற நிரல் அதைச் செய்தது. அதன் படைவீரர்களில் பெரும்பங்கு சிசிடிவி கேமராக்களும் அவற்றின் பதிவுக் கருவிகளான டிவிஆர்களும். சுமார் 60 வழக்கமான பயனர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் போட்டுப் பார்த்தே அது அவற்றைப் பிடித்தது. 2017 ஜனவரியில், அதிபர் பதவியேற்புக்குச் சில நாட்கள் முன்பு, வாஷிங்டன் நகரக் காவல்துறையின் 187 பதிவுக் கருவிகளில் 123 பணய நிரலால் முடங்கின. உக்ரைனில் 2024 ஜனவரியில், கீவ் நகரக் கட்டடங்களில் இருந்த இரண்டு கேமராக்களை ரஷ்ய உளவுத்துறை பிடித்து வான்பாதுகாப்பு நிலைகளைப் பார்த்தது என்று அந்நாட்டுப் பாதுகாப்பு சேவை அறிவித்தது. 2025 மே மாதம் பல நாடுகள் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கை, எல்லைக் கடவுகளிலும் ரயில் நிலையங்களிலும் உள்ள 10,000-க்கும் மேற்பட்ட கேமராக்களை ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு குறிவைத்ததாகச் சொன்னது. அவற்றில் ஐந்தில் நான்கு உக்ரைனில் இருந்தவை. உக்ரைனுக்கு உதவிப் பொருட்கள் எந்த வழியாகப் போகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளத்தான்.

ஒரு கதையை மட்டும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். 2008 ஆகஸ்டில் துருக்கியில் பாகு–திபிலிசி–ஜெய்ஹான் எண்ணெய்க் குழாய் வெடித்தது. கேமரா மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்தே அதைச் செய்தார்கள் என்று 2014-இல் ப்ளூம்பெர்க் எழுதியது. மேடைகளில் இன்றும் அது அடிக்கடி எடுத்துக்காட்டாக வருகிறது. ஆனால் தொழில்துறைப் பாதுகாப்பு வல்லுநர்கள் அந்தச் செய்தியைப் பின்னர் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கினார்கள். நிரூபணமான உதாரணங்கள் இத்தனை இருக்கும்போது, நிரூபணமாகாத ஒன்றைக் காட்டிப் பயமுறுத்த வேண்டிய தேவை இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். 2022 ஏப்ரலில் ரெக்கார்டட் ஃபியூச்சர் நிறுவனம், லடாக் எல்லைக்கு அருகே வட இந்தியாவின் குறைந்தது ஏழு மாநில மின்சுமை மேலாண்மை மையங்களைச் சீனாவோடு தொடர்புடைய ஒரு குழு குறிவைத்ததாக அறிக்கை வெளியிட்டது. ஒரு மாநிலத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் மையங்கள் அவை. முயற்சிகள் பலிக்கவில்லை என்று அப்போதைய மின்துறை அமைச்சர் ஆர்.கே.சிங் சொன்னார். அறிக்கையில் ஒரு விவரம் உண்டு: தாக்குதலை இயக்கிய கட்டளைகள் வந்தது, வேறு நாடுகளில் யாரோ மாட்டியிருந்த, ஏற்கெனவே பிடிபட்ட டிவிஆர்கள், ஐபி கேமராக்கள் வழியாக. எங்கோ ஒரு சுவரில் இருந்த கேமரா, அதன் சொந்தக்காரருக்குத் தெரியாமலே, இந்திய மின்கட்டமைப்புமேல் ஏவப்பட்டிருக்கிறது. ‘நம் கேமராவில் திருடுவதற்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடைக்காது.

திருத்தம் ஏன் கேமராவைப் போய்ச் சேர்வதில்லை? ஒரு ஆலையில் கேமரா வாங்கும் முடிவு நிர்வாகத்துறையிலோ பாதுகாவல் பிரிவிலோ எடுக்கப்படுகிறது. டீலர் சரக்கைத் தருகிறார். அவர் அனுப்பும் ஆட்கள் கேபிள் இழுத்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். முதலாளி வீட்டிலிருந்து செல்போனில் பார்க்க வேண்டும் என்கிறார். ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுகிறார்கள், அன்றிலிருந்து அந்தக் கேமரா உலகத்துக்கே தெரிகிறது. ஐடி பிரிவுக்கு இப்படி ஒன்று மாட்டியதே தெரியாது. ஆண்டுப் பராமரிப்புக்கான ஏஎம்சி ஒப்பந்தத்தில் லென்ஸ் துடைப்பதும் ஹார்ட் டிஸ்க் மாற்றுவதும் இருக்கும். ஃபர்ம்வேர் என்ற சொல்லே இருக்காது. தயாரிப்பாளர் தன் இணையதளத்தில் எச்சரிக்கை போடுகிறார். பெட்டியில் ஒட்டிய பெயர் வேறாக இருப்பதால், அந்த எச்சரிக்கை தன் கேமராவைப் பற்றியதுதான் என்று வாங்கியவருக்குப் புரிவதில்லை. இதையெல்லாம் தாண்டி ஒருவர் அப்டேட் போட முனைந்தாலும், இருபத்துநான்கு மணி நேரமும் உலையைப் பார்க்கும் கேமராவை எப்போது நிறுத்துவது என்று உற்பத்திப் பிரிவு கேட்கும். அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. இந்த வரிசையில் சோம்பேறி யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்கிறார், கேமராவின் மென்பொருள் மட்டும் யாருடைய வேலையும் அல்ல.

சட்டங்கள் மெல்ல வருகின்றன. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்புச் சோதனைகளில் தேற வேண்டும்; மென்பொருளும் அதில் பரிசோதிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, தயாரிப்பாளர் பொதுவாகக் குறைந்தது ஐந்தாண்டு பாதுகாப்புத் திருத்தங்களைத் தர வேண்டியிருக்கும். இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால் இரண்டும் இனி வரும் சரக்கைப் பற்றியவை. ஏற்கெனவே சுவரில் இருப்பதைத் தேடி எந்தச் சட்டமும் ஏணியோடு வரப்போவதில்லை. ஐந்தாண்டு என்பதும் ஆலையின் கணக்கில் சிறிது. கம்பத்தில் ஏற்றிய கேமராவைப் படம் மங்கும்வரை யாரும் இறக்குவதில்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக்காரியங்கள் அல்ல. முதலில் எத்தனை கேமரா, என்ன மாடல், எந்தத் தேதி ஃபர்ம்வேர், உண்மையான தயாரிப்பாளர் யார் என்று எழுதிவைக்க வேண்டும். இந்தப் பட்டியல் இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது. கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து, அங்கிருந்து கணக்குச் சர்வருக்கும் இயந்திரக் கட்டுப்பாட்டுக்கும் போகும் வழியை அடைக்க வேண்டும். தொடக்கத்தில் சொன்ன அகிரா கும்பல் இந்த ஒரு சுவரில் முட்டி நின்றிருக்கும். ரவுட்டரில் திறந்த போர்ட்டை மூடிவிட்டு, வெளியிலிருந்து பார்க்க விரும்புகிறவர் விபிஎன் என்ற பாதுகாப்பான வழியாக வரட்டும். கேமரா தானாக இணையத்தோடு பேச வேண்டிய தேவை இல்லையென்றால் பேசவிடக் கூடாது. ஆலையைப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாட்களில் வால்வையும் பேரிங்கையும் பார்ப்பதுபோல் ஃபர்ம்வேரையும் பார்க்கலாம். தயாரிப்பாளர் கைவிட்ட மாடலுக்கு ஓய்வு நாள் குறித்துவிட வேண்டும்.

ஆலை நடத்துபவர்களும், பாதுகாவல் பிரிவில் இருப்பவர்களும், கேமரா பொருத்தும் தொழிலில் இருப்பவர்களும் இந்த அவையில் இருக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஏஎம்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: பாதுகாப்புத் திருத்தம் வெளியான எத்தனை நாளுக்குள் அது கேமராவில் ஏறும், அதை ஏற்றுபவர் யார், பெயரோடு. பதில் சொல்லத் தயங்கும் ஒப்பந்தக்காரரிடம் கேமராவை ஒப்படைக்காதீர்கள்.